சுடுதண்ணீரில் குளித்த தோல் காற்சட்டை

ஞாயிறு பூசை முடிந்ததும் மண்டபத்து வாசலில் என்னை மறித்து, "அக்கா, பிள்ளை பாக்கிற வேலைக்குப் போகப்போறம், ஏதாவது சொல்லித் தாங்கோ" என்கிறீர்கள். நான் ஓய்வெடுத்ததே இனிமேல் யாருக்கும் பதில் சொல்லாமல் இருப்பதற்காகத்தான். சரி, கேட்டுவிட்டீர்கள், எழுதித் தருகிறேன். பாஸ்தாவை எவ்வளவு நேரம் அவிப்பது, காய்ச்சல்காரப் பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்பதெல்லாம் இதில் இராது. அவை உங்கள் போனில் இருக்கின்றன. பிறத்தியார் வீட்டில் ஒரு பிழை நடந்து எல்லாக் கண்ணும் உங்கள் பக்கம் திரும்பும்போது வாயைத் திறப்பதா மூடுவதா என்பதைப் போன் சொல்லித் தராது. எனக்கு அதைச் சொல்லித் தந்தது ஒரு சின்னப் பிள்ளையின் காற்சட்டை.

நான் கடைசியாக வேலை செய்த வீடு இங்கே பலெர்மோவில், போர்கோ வெக்கியோ சந்தைக்குப் பின்னால், பழைய மாளிகை ஒன்றின் மூன்றாம் மாடியில் இருந்தது. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் அந்த வீட்டுக் கண்ணாடிகள் அதிரும். சிக்னோரா, அதுதான் வீட்டுக்கார அம்மா, ஜெர்மன்காரி, பவேரியாப் பக்கம். அவருடைய கணவர் பலெர்மோக்காரர். கப்பலில் வேலை, ஆண்டில் பாதி கடலில். ஒரே மகள் லேனா, எட்டு வயது. இங்கே பிள்ளை பார்க்கிறவளைத் "தாத்தா" என்றுதான் பிள்ளைகள் கூப்பிடுவார்கள். என்னை ஒரு சின்னப் பெண் தாத்தா என்று கூப்பிடுவதை முதல் முறை கேட்ட என் மனுசன், சந்தை நடுவில் நின்று கண்ணீர் வரச் சிரித்தார். சிக்னோராவும் லேனாவும் என்னோடு பேசியது இத்தாலியனில். நான் அதை நம் பேச்சில் தருகிறேன். சிக்னோராவின் இத்தாலியனும் என் இத்தாலியனைப் போலப் பாதி வழியில் இறங்கிவிடுகிற ஒன்றுதான், ஆகையால் பெரிதாக ஒன்றும் குறைந்துவிடாது.

முதல் நாளே சிக்னோரா என்னை லேனாவின் அறைக்குக் கூட்டிப்போய், கொளுக்கியில் தொங்கிய ஒரு பொருளைக் காட்டினார். மான் தோலில் தைத்த அரைக் காற்சட்டை. தோளில் மாட்டப் பட்டி, நெஞ்சுக்குக் குறுக்கே பூ வேலை செய்த துண்டு, கொம்பில் செதுக்கிய பொத்தான்கள், இடுப்பைத் தளர்த்தவும் இறுக்கவும் பின்னால் ஒரு கயிறு. முன்பொரு காலத்தில் சாம்பல் நிறமாக இருந்திருக்க வேண்டும். நான் பார்த்தபோது தொடைப் பக்கம் கறுத்து, உட்காரும் இடம் தேய்ந்து பளபளத்தது.

"இது என்ரை அண்ணா போட்டது. பிறகு நான் போட்டனான். இப்ப லேனா போடுறா. இதை மட்டும் ஒருநாளும் தோய்க்கக் கூடாது" என்றார்.

"ஒருநாளுமோ, சிக்னோரா?"

"ஒருநாளும். ஈரத்துணியாலை துடைச்சு, காத்துப் படத் தூக்கி விட்டாக் காணும்."

தோலைக் காலுக்குப் போடுகிறவர்கள் நாங்கள். அதையும் வாசலில் கழற்றி வைக்கிறவர்கள். இங்கே அது மூன்று பேரின் இடுப்பில் ஏறி இறங்கியிருக்கிறது, தண்ணீர் மட்டும் கண்டதில்லை. எனக்கு உடம்பு கூசியது. அவர்களுடைய ஊரில் இது திருவிழா உடுப்பு மட்டும் அல்லவாம். பிள்ளைகள் மரம் ஏறுவதும் வேலி பாய்வதும் பள்ளிக்கூடம் போவதும் இதோடுதானாம். கறை பிடிக்கப் பிடிக்கத்தான் மதிப்பாம். சம்பளம் தருகிறவர் அவர், அழுக்கும் அவருடையது என்று நினைத்துத் தலையாட்டினேன்.

ஒரு மாதத்துக்குள் நான் அந்தக் காற்சட்டையின் பக்தை ஆகிவிட்டேன். இதைக் கண்டுபிடித்தது பிள்ளை பார்க்கிற ஒரு வேலைக்காரியாகத்தான் இருக்க வேண்டும். தோய்ப்பு இல்லை, இஸ்திரி இல்லை, முழங்கால் கிழிந்து ஊசி தேடுவதில்லை. லேனா மாளிகைப் படிக்கட்டின் பளிங்குக் கைப்பிடியில் மூன்று மாடியும் சறுக்கி இறங்குவாள். சந்தைக்குப் பின்னால் பையன்களோடு பந்து விளையாடிக் கல்லில் விழுவாள். கடலை மாவில் பொரித்த பனெல்லே தின்றுவிட்டு எண்ணெய்க் கையைத் தொடையில் துடைப்பாள். காற்சட்டைக்கு ஒன்றும் ஆகாது. மற்றத் தாய்மார் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டு நிற்கும்போது நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன்.

சந்தைப் பெண்களுக்குத்தான் பொறுக்கவில்லை. பலெர்மோவில் பிள்ளையை மடிப்புக் கலையாமல் உடுத்தித்தான் தெருவில் விடுவார்கள். "மிஸ்கீனா, ஐயோ பாவம், இந்தப் பிள்ளைக்கு வேறை உடுப்பே இல்லையோ?" என்று கேட்டு, பழக்கடைக்காரி ஒவ்வொரு நாளும் லேனாவின் கையில் ஒரு பீச் பழம் வைப்பார். மூன்றாம் மாடியின் வாடகை எவ்வளவு என்று நான் அவருக்குச் சொல்லப் போகவில்லை. சில நாட்களில் எனக்கும் ஒன்று கிடைத்தது.

அப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான், ஜெர்மனியிலிருந்து சிக்னோராவின் தங்கச்சி தன் மகனோடு வரப்போகிறார் என்று செய்தி வந்தது. அந்த வீட்டு வழக்கப்படி காற்சட்டை அடுத்த பிள்ளைக்குப் போகவேண்டும். அடுத்த பிள்ளை மாக்ஸ், ஐந்து வயது. இதைக் கேட்ட அன்று லேனா சாப்பிடவில்லை. மறுநாள் அழுதாள். மூன்றாம் நாள் அழுகையை நிறுத்திவிட்டு யோசிக்கத் தொடங்கினாள். நான் அதைக் கவனித்தேன், ஆனால் என் தலைக்குள் அப்போது வேறு கவலை இருந்தது.

என் பெர்மெஸ்ஸோ, வதிவிட அட்டை, முடிகிற நேரம் அது. இங்கே இருப்பதற்கு அந்த அட்டை. அந்த அட்டைக்கு வேலை. வேலைக்கு அந்த வீடு. இது உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கைரேகை கொடுக்கக் குவெஸ்தூராவுக்கு, பொலிஸ் தலைமையகத்துக்கு, வரச்சொல்லி நாள் குறித்துவிட்டார்கள். அன்றைக்கு என்னால் வேலைக்குப் போக முடியாது, எனவே சிக்னோராவிடம் சொல்லி எனக்குப் பதிலாக என் மனுசனை அனுப்பினேன்.

என் மனுசன் தங்கமானவர். ஆனால் அவருக்கு வேலை ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில். கறை என்று ஒன்றைக் கண்டால் அதை அவர் சொந்தப் பகையாக எடுத்துக்கொள்வார். அதனால் காலையில் வீட்டுப் படியில் வைத்தே சொன்னேன்:

"அங்கை ஒரு தோல் காற்சட்டை இருக்கு. அதிலை கை வைக்காதேங்கோ."

"எனக்கென்ன விசரோ, ஆற்றையோ தோலைத் தொடுறதுக்கு" என்றார்.

நான் பின்னேரம் குவெஸ்தூராவிலிருந்து நேரே அங்கே போனேன். வீடு அமைதியாக இருந்தது. லேனா மேசையில் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தாள். இதை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: சொல்லாமலே வீட்டுப்பாடம் செய்கிற பிள்ளையைக் கண்டால், முதலில் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். நான் சுற்றிப் பார்த்தேன். பால்கனியில், சிரோக்கோச் சுடுகாற்றும் வெயிலும் சேர்ந்து அடிக்கிற இடத்தில், என் மனுசன் அந்தக் காற்சட்டையைக் கொடியிலிருந்து கழற்றி நிலத்தில் வைத்தார். அது விழவில்லை. இரண்டு காலில் நின்றது.

"வெயில் கொஞ்சம் கூடிப்போச்சுப் போலை" என்றார்.

அது சுருங்கி, நிறம் மங்கி, கருவாடு மாதிரி விறைத்திருந்தது. "சொல்லிப்போட்டெல்லோ போனனான்" என்றேன்.

"நான் தொடேல்லையப்பா. இவதான் கொண்டுவந்து தந்தவ. அம்மா தோய்க்கச் சொன்னவவாம். என்ரை இத்தாலியன் விளங்கேல்லையோ எண்டு நான் திருப்பியும் கேட்டனான். அதுக்குப் பிள்ளை வடிவாத் தமிழிலை 'சுடுதண்ணி' எண்டு சொல்லிச்சு. வெயிலையும் கையாலை காட்டிச்சு."

சுடுதண்ணி என்ற சொல்லை அவளுக்குப் பழக்கியது நான்தான், குளிக்க வார்க்கும்போது. நான் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். லேனா கணக்கிலிருந்து தலையை எடுக்கவேயில்லை. எனக்கு முழுவதும் விளங்கிவிட்டது. பழுதாய்ப் போன காற்சட்டையை மாக்ஸ் கொண்டுபோக மாட்டான். பழுதானது இங்கேயே, அவளோடு இருக்கும். எட்டு வயதுக்கு இது நல்ல மூளைதான். அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு மூலை அவளை மெச்சியது.

சிக்னோரா வந்தார். காற்சட்டையைப் பார்த்தார். விரல் முட்டியால் தட்டினார். கதவில் தட்டுவது போலக் கேட்டது. அவர் சத்தம் போடவில்லை. கோபம் கூடக்கூடக் குரல் தணிகிற மனிசி அவர், அதுதான் இன்னும் பயம்.

"முதல் நாளே சொன்னனான்" என்றார்.

"ஓம் சிக்னோரா, சொன்னனீங்கள்."

"எப்பிடி நடந்தது?"

லேனா கதவோரம் வந்து நின்றாள். முகம் சுண்ணாம்பாய் இருந்தது. என் மனுசன் வாயைத் திறந்தார். நான் அவருடைய காலை மிதித்தேன்.

"என்ரை பொறுப்பிலை இருந்த வீட்டிலை நடந்தது. அவரை அனுப்பினது நான்."

சிக்னோரா காற்சட்டையை மடிக்கப் பார்த்தார், அது மடியவில்லை. பிறகு, "சனிக்கிழமை என்ரை தங்கச்சி வாறா. வந்து போகட்டும், அதுக்குப் பிறகு நான் ஒரு முடிவெடுக்கிறன்" என்றார். என்ன முடிவு என்று நான் கேட்கவில்லை. அந்த முடிவுக்குள் என் வேலையும் இருந்தது, வேலைக்குள் பெர்மெஸ்ஸோவும் இருந்தது.

பல்லரோவில் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்வரை என் மனுசன் நொண்டிக்கொண்டும் புறுபுறுத்துக்கொண்டும் வந்தார். குசினிக்குள் வந்ததும் வெடித்தார்.

"நாளைக்கு நான் வந்து சொல்லுறன், பிள்ளைதான் சொன்னது எண்டு. செய்யாத பிழைக்கு நீர் ஏன் வேலையை விடோணும்?"

"சொன்னா என்ன நடக்கும்? அவ பிள்ளையைக் கூப்பிட்டுக் கேப்பா. பிள்ளை இல்லையெண்டும். பிறகு நாங்களும் பிள்ளையும்தான் அங்கை வழக்காடிக்கொண்டு நிக்கோணும்."

"உண்மையைத்தானே சொல்லுறம்."

"உண்மைதான். உண்மையெண்டு தெரிஞ்சாப் பிறகும் எங்களை வீட்டிலை வைச்சிருப்பாவோ?"

புதிதாகப் போகிறவர்களே, நான் சொல்ல வந்த விஷயத்தில் முக்கால்வாசி இதுதான். தாய் தகப்பன் தங்கள் பிள்ளையின் பொய்யை ஒரு கிழமையில் மன்னித்துவிடுவார்கள். அதை எடுத்துக் காட்டியவரை மன்னிப்பதில்லை. உங்களைப் பார்க்கும்போதெல்லாம் அது ஞாபகம் வரும். அதற்காக எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு இருங்கள் என்று சொல்லவில்லை. பிள்ளைக்குச் சுகமில்லை, அடிபட்டது, யாரோ தொட்டார்கள் என்றால் அந்த நிமிடமே வாயைத் திறக்க வேண்டும். அதில் யோசனையே கிடையாது. இது காற்சட்டை. காற்சட்டை விஷயத்தில் கொஞ்சம் பொறுக்கலாம். அந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும், பயமாக இருந்தது.

பொறுப்பதற்கும் சும்மா இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த லேனாவைச் சாப்பாட்டு மேசையில் இருத்தினேன். அவளுக்கு எதிர்க் கதிரையில் அந்தக் காற்சட்டையை நிறுத்தி வைத்தேன். அதுதான் தானாக நிற்குமே. பாணும் பாலும் வைத்துவிட்டு எதிரில் நின்று பாத்திரம் துடைத்தேன்.

கொஞ்ச நேரத்தில், "தாத்தா, அதை எடுங்கோ" என்றாள்.

"ஏன்? அது உன்னை ஒண்டும் கேக்கேல்லையே."

மறுநாளும் வைத்தேன். அன்றைக்கு அவள் பாலைக் குடித்தது பக்கவாட்டில் திரும்பி. எனக்கு அவளில் ஆத்திரம் இருந்தது, ஆனாலும் அவள் திரும்பி இருந்த விதத்தைக் கண்டு சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் ஓடினேன்.

அன்று காலையில் சிக்னோரா மேசையில் ஒரு தகர டப்பாவை வைத்துவிட்டுப் போயிருந்தார். தோலுக்குப் பூசுகிற கொழுப்பு. அதை வைத்து நான் லேனாவுக்கு இன்னொரு வேலை கொடுத்தேன்.

"சித்தி வந்து பாக்கேக்கை இப்பிடி விறைச்சுக்கொண்டு நிண்டா அம்மாவுக்குத்தான் வெக்கம். வா, பதப்படுத்துவம்."

பின்னேரம் முழுவதும் பூசினோம், பிசைந்தோம், கதிரை முதுகில் போட்டு ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். அவள் கை சிவந்தது. குற்றமுள்ள கை என்பதால் இரட்டிப்பு வேகத்தில் வேலை செய்தது. அப்படியே மூன்று பின்னேரம் போக, தோல் மெல்ல இளகியது. காற்சட்டை நிற்பதை விட்டுவிட்டு மறுபடியும் தொங்கத் தொடங்கியது. நிறமும் திரும்பக் கறுத்தது. சுருங்கியது மட்டும் சுருங்கியதுதான். லேனா ஒருநாள் போட்டுப் பார்த்தாள், தொடைக்கு மேலே ஏறவில்லை. அவளுடைய உதடு துடித்தது. பழுதானதை வைத்திருக்கலாம், ஆனால் போட முடியாது என்பதை அவள் அப்போதுதான் கண்டுபிடித்தாள் என்று நினைக்கிறேன். கிட்டே கூப்பிட்டு அணைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அணைத்தால் எல்லாவற்றையும் என்னிடமே சொல்லி முடித்துவிடுவாள். அவள் சொல்ல வேண்டிய ஆள் நான் இல்லை. தேத்தண்ணி போட எழும்பிப் போய்விட்டேன்.

சனிக்கிழமை வந்தது. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் போய்த் தங்கச்சியையும் மாக்ஸையும் கூட்டிவந்தவர் சிக்னோராதான். மாக்ஸ் வயதுக்குச் சின்ன உருவம், ஆனால் வாய் ஓயாத பிள்ளை. நான் கோப்பித் தட்டோடு நின்றேன். சிக்னோரா காற்சட்டையை எடுத்துவந்து தங்கச்சியிடம் ஜெர்மனில் ஏதோ சொன்னார், குனிந்த தலையோடு. மன்னிப்புக் கேட்கிறார் என்பதை விளங்க எனக்குப் பாஷை தேவைப்படவில்லை.

தங்கச்சி காற்சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மாக்ஸைப் பிடித்து, போட்டிருந்ததைக் கழற்றி, இதை மாட்டினார். பட்டி தோளில் விழுந்தது. பொத்தான் பூட்டியது. பின்கயிற்றை இறுக்கவே தேவையில்லை. அளவெடுத்துத் தைத்தது போல அவனுக்கு அப்படிப் பொருந்தியது.

தங்கச்சி சிரித்துச் சிரித்து ஏதோ சொன்னார். சிக்னோராவின் முகம் அந்தக் கிழமையில் முதல் தடவையாக இளகியது. என் பக்கம் திரும்பி மொழிபெயர்த்தார்:

"மாக்ஸுக்குப் பெரிசாத்தான் இருக்குமெண்டு இவ நினைச்சவவாம். அதாலை இந்தமுறை கொண்டுபோறேல்லை, இன்னும் ஒரு வருஷம் லேனாவே போடட்டும் எண்டு சொல்லத்தான் வந்தவவாம். இப்ப பாருங்கோ, இண்டைக்கே போட்டுக்கொண்டு போகலாம்."

அறைக்குள் ஒரு சத்தம் கேட்டது. அடிபட்ட பூனை என்று நினைத்தேன். லேனா.

"நான் அதைச் சுடுதண்ணியிலை போடச் சொன்னது அவனுக்குக் குடுக்கவோ?" என்று கத்தினாள். அழுத்தமான போர்கோ வெக்கியோ இத்தாலியனில் கத்தினாள், மீன் கடைக்காரர் கேட்டாலும் திரும்பிப் பார்த்திருப்பார். "நான் பழுதாக்கினது எனக்கு வைச்சிருக்க. பிறகு தாத்தா என்னைக் கொண்டே அதைத் திருத்திவிச்சவ. எல்லாத்தையும் நானே செய்து அவனுக்குக் குடுத்திட்டன்."

தங்கச்சிக்கு இத்தாலியன் தெரியாது. என்ன, என்ன என்று கேட்டார். யாரும் மொழிபெயர்க்கவில்லை. மாக்ஸ் மட்டும் தன் புதுத் தொடையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிக்னோரா லேனாவைத் திட்டவில்லை. கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிப்போனார். கதவுக்குப் பின்னால் அழுகை, பிறகு நீண்ட பேச்சு, பிறகு மூக்குச் சீறுகிற சத்தம். நான் கோப்பிக் கோப்பைகளைக் கழுவினேன். ஒருமுறை கழுவியதை மறுபடியும் கழுவினேன். பிறகு சிக்னோரா தனியாகக் குசினிக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம் சிக்னோரா."

"எப்பவிருந்து?"

"அண்டு பின்னேரமே தெரியும்."

"நான் உங்களை வேலையாலை நிப்பாட்டியிருந்தா?"

"நிப்பாட்டின உடனை சொல்லியிருப்பன். படியிலை நிண்டு, முழு மாளிகைக்கும் கேக்கச் சொல்லியிருப்பன். நான் ஒண்டும் பெரிய தியாகி இல்லை."

அவருடைய வாயோரம் கொஞ்சம் அசைந்தது, ஆனால் சிரிக்கவில்லை. "அப்ப முதலே ஏன் சொல்லேல்லை?"

நான் கையைத் துடைத்துக்கொண்டு அவரை நேரே பார்த்தேன். "சொல்லியிருந்தா நீங்கள் நம்பியிருப்பீங்களோ?"

இத்தனை வீடுகளில் வேலை செய்திருக்கிறேன். வேறு எந்த சிக்னோராவாக இருந்தாலும் அந்த இடத்தில் என் தோளைத் தொட்டு, கட்டாயம் நம்பியிருப்பேன், நீங்கள் எங்கள் குடும்பம் அல்லவா என்று சொல்லியிருப்பார். எனக்கும் அப்படிக் கேட்க ஆசையாகத்தான் இருந்தது. அவர் யன்னல் பக்கம் பார்த்து, உண்மையாகவே யோசித்தார்.

"இல்லை" என்றார்.

பிறகு ஒரு கதிரையை இழுத்து எனக்குப் போட்டுவிட்டு, இன்னொன்றில் தானும் இருந்தார். அந்த வீட்டு வேலையை விட்டு வர எனக்கு அதன் பிறகு மனம் வரவேயில்லை. ஓய்வெடுக்கும்வரை அங்கேதான் இருந்தேன்.